நொன் அங்கோரா

உப்பு பொரிந்த ஏலக்கூடச் சுவரில்
பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தான் ஷிபின்.
மீதிக்கு அவன் அப்பனின் வேட்டி.
இத்தாலிப் படம்,
பழைய ரோமாபுரிக் காவியம் ஒன்றிலிருந்து எடுத்தது.
அடியில் எழுத்து ஓடாத பிரதிதான் கிடைத்ததாம்.
"ரோமில பதினோரு வருசம் கெடந்தியளே சித்தி,
மைக்கு தாறேன், சொல்லிட்டே வாருங்க."

என் இத்தாலி
ஒத்தாவியோ கிழவரின் கட்டிலைத் தாண்டாதது.
மருந்து. சூப்பு. மூத்திரச்சட்டி.
இடப்பக்கம் திரும்புங்கள். வலிக்கிறதா.
மழை வருகிறது, ஜன்னலைச் சாத்து.
தெய்வங்கள் பேசுகிற சொல் எதையும்
அந்த வீட்டில் யாரும் எனக்குத் தரவில்லை.

ஆகையால்
திராட்சைக்கொடி சூடிய தேவன் ஒருவன்
வள்ளவிளைக்கு இறங்கிவந்து
"சூப்பு ஆறிப்போச்சு" என்றான்.
இடுப்புக்குக் கீழே ஆடாயிருந்தவன்
ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று குறைபட்டான்.
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
சீமாட்டி ஒருத்தியின் கூந்தலிலிருந்து
நூறு விளக்குகள் கிளம்பிப் பறந்தன.
அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.
"சவம், கரண்டு பில்லு எவன் கெட்டுவான்"
என்றார் பொர்ஜியாஸ் மேஸ்திரி.

பிறகு நதி.
ஸ்டூடியோத் தொட்டி என்று
கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
அலைக்கு அடி இல்லை.
ஆனால் கரையில்
சாம்பல் பூசிய ஆட்கள்
ஈரத்தோடு நெருங்கி நின்றார்கள்,
அக்கரையைப் பார்த்துக் கை நீட்டி.
தோணிக்காரன் ஒருவனை ஏற்றுகிறான்,
ஒருவனைத் துடுப்பால் தள்ளுகிறான்.
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது:
குழி கிடைக்காத உடம்புக்கு
நூறு வருடம் அந்தக் கரைதான்.
சென்தான்னி என்றான், நூறு வருடம்.
ஒத்தாவியோவின் பிறந்தநாளில்
கோப்பையை உயர்த்தி எல்லோரும் சொல்கிற வாழ்த்து அது.

மைக்கு கையில் வழுக்கியது.
மூன்றாம் வரிசையில் கிளெமென்சி இருந்தாள்.
ததேயூசின் போட்டு சுறாத் தங்கலுக்குப் போய்
ஆறு வருடம் நாலு மாதம்.
ஏழு முடியட்டும், அப்புறம்தான் செத்தவன் என்று
தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

தோணிக்காரன் துடுப்பை ஓங்கினான்.
"நொன் அங்கோரா."

அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.
விடியலில் போர்வையை விலக்கும்போதெல்லாம்
கண்ணைத் திறக்காமலே ஒத்தாவியோ சொல்வார்:
இன்னும் இல்லை, மகளே.
எழுந்திருப்பதைச் சொன்னாரா, மற்றதையா,
கடைசிவரை நான் கேட்கவில்லை.
நடுவில் அழுத்தினால் இன்னும்.
முதலில் அழுத்தினால் நங்கூரம்.
எழுத்து ஒன்றேதான்.

நான் முதலில் அழுத்தினேன்.
"நங்கூரம் இல்லண்ணு சொல்லுதான்" என்றேன்.

ஆண்கள் தலையாட்டினார்கள்.
"பின்ன, அந்த ஒழுக்கில வள்ளம் நிக்குமா?"
"கயிறாவது எறியலாம்லா, தாயளி."
பொர்ஜியாஸ் மேஸ்திரி அந்த ஆற்றுக்கு
எத்தனை கிலோ இரும்பு வேண்டும் என்று
பக்கத்தில் இருந்தவனோடு வாதிக்க ஆரம்பித்தார்.

கிளெமென்சி எழுந்து சுவரண்டை போனாள்.
மறைக்காதே என்று யாரும் சொல்லவில்லை.
கரையில் நின்றவர்களில் நாலு பேர்
இப்போது அவள் சேலையில் நின்றார்கள்.
இடமிருந்து வலமாக,
ஒரு முகம், அதற்கடுத்த முகம்.

"அவன் சொன்னது அது இல்ல" என்றாள், திரும்பாமல்.
"தாலுகா ஆபீசுலயும் இதே மொகரதான்."

ஷிபின் படத்தை அப்படியே நிறுத்தினான்.
சுண்ணாம்பில் இருந்தவர்கள் உறைந்தார்கள்.
வேட்டியில் இருந்தவர்கள் மட்டும்
கடல்காற்றில்
மெதுவாக அசைந்துகொண்டிருந்தார்கள்.

"லைட்டப் போடட்டா சித்தி?"

என்னிடம்தான் கேட்டான்.
அவள்தான் பதில் சொன்னாள்:

"நிக்கட்டு.
இன்னும் மூணுபேரு மிச்சம் உண்டு."